அண்ணியின் விரதங்கள்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் அவருக்கு விரதம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. என் வேலைக்கு இது வெட்கப்பட வேண்டிய தாமதம். சமயநல்லூர்ப் பக்கம், வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரே மாதிரிக் குறை மூன்று தடவை வந்தால் அது தற்செயல் இல்லை, காரணத்தைத் தேடு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே நான்தான். வீட்டில் முப்பது தடவைக்கு மேல் வந்த குறையைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. மாமனாரும் மாமியாரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள்; அந்தக் குடும்பத்தில் இப்போது அவர்தான் பெரியவர். மதுரைக்குள் அவர்களுக்குப் பட்டுச் சேலைக் கடை இருக்கிறது. பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம், வீட்டுக்குள் பேசுவது தனி பாஷை. நான் எழுமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்து என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தவர்கள். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார்கள். என் கணவரும் நானும் தொழிற்சாலையில் பழகி, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பரவையில் குடியிருக்கிறோம்.

கல்யாணமான புதிதில் அண்ணி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஊர்ல எந்தத் தெரும்மா?"

சொன்னேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் முறையாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு இரண்டாவது சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கே எழுந்து சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம், சேமியா பாயசம் என்று ஐந்தையும் முடித்திருந்தேன். அண்ணி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார். தட்டு வைத்தபோதுதான் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அடடா, சொல்ல மறந்துட்டனே. சனிக்கிழமைல்ல, பெருமாளுக்கு விரதம்மா. பிள்ளைங்க சாப்பிடட்டும். சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு."

கேட்காமல் சமைத்தது என் தப்பு என்று நினைத்தேன். இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். சாப்பிட்டார். அடுத்த முறை வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு. பொங்கல் விடுமுறையில் செவ்வாய்க்கிழமை, முருகனுக்கு. இவ்வளவு பக்தியான ஒருவர் என்னைக் குடும்பத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறாரே என்று நான் உள்ளுக்குள் நெகிழ்ந்துகூடப் போயிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அவருடைய பிள்ளைகள் மட்டும் எங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்கள். பெரியவனுக்கு இப்போது பத்து வயது, சின்னவளுக்கு எட்டு. என் மகளுக்கு ஐந்து. மூன்றும் சேர்ந்தால் வீட்டில் கூரை நிற்காது. அவர்களுக்கு நான் அத்தை. என் மகளுக்கு அண்ணி அத்தை.

பிள்ளைகளுக்கு நான் சமைப்பது பெரிய சமையல் இல்லை. வேலைக்குப் போய் வருகிறவளுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஒரு குக்கர், ஒரு இரும்புச் சட்டி, ஒரு பணியாரக் கல். துவரம்பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள், பெருங்காயம் சேர்த்து ஐந்து விசில் விட்டால் கரண்டியால் மசிக்கவே வேண்டாம், தானே குழைந்திருக்கும். மேலே நெய்யில் சீரகம் பொரித்துக் கொட்ட வேண்டும், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான். முன்கூட்டியே கொட்டினால் மணம் அடுப்படியோடு போய்விடும்.

உருளைக்கிழங்குக்கு நாலு விதி வைத்திருக்கிறேன். சுண்டு விரல் நுனி அளவுக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டியதைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, ஈரமே இல்லாமல் எடுக்க வேண்டும். சட்டியை மூடவே கூடாது. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் கிழங்கு நீர் விட்டுக் கொழகொழத்துவிடும். ரப்பர் கலவையிலும் ஈரம்தான் எங்களுக்கு முதல் எதிரி. சாயங்காலத்துக்குப் பணியாரம்: இட்லி மாவு புளித்து மிஞ்சிய அன்று பரவைச் சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, கடலைப்பருப்போடு வதக்கிக் கலந்து, குழிகளில் நல்லெண்ணெய் விட்டு ஊற்றினால் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் வரும். பாதி மாவை எடுத்து வெல்லமும் ஏலக்காயும் போட்டு இனிப்பாகவும் சுட்டுவிடுவேன்.

இதையெல்லாம் ஆறு வருடமாகப் பிள்ளைகள் தின்ன, அண்ணி பக்கத்து நாற்காலியில் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கண்டுபிடித்தது நான் இல்லை, என் மகள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கிளம்பிய பிறகு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை ஏம்மா நம்ம வீட்ல மட்டும் சாப்பிட மாட்றாங்க?"

"விரதம் பாப்பா. சனிக்கிழமைல்ல."

"போன மாசம் நானும் அப்பாவும் அவங்க வீட்டுக்குப் போனோம்ல, அன்னைக்கும் சனிக்கிழமைதான். அத்தை பூரி தின்னாங்க. நாலு."

நான் துலக்குவதை நிறுத்திவிட்டேன். அவள் என் ஈரக் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, உற்றுப் பார்த்தாள்.

"உன் கைல இந்தக் கோட்டுக்குள்ள எல்லாம் கறுப்பா இருக்குல்லம்மா. அதான் பிடிக்கலையா?"

ரப்பரில் கரித்தூள் கலப்பார்கள். கையுறை போட்டாலும் அது ரேகைகளுக்குள் இறங்கிவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது.

"ஆமா," என்றேன். "ரப்பர் கறைதான்."

என் மகளிடம் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. ஐந்து வயதில் அவள் அதை நம்புவாள். எட்டு வயதில் யாராவது அவளிடமும் "ஊர்ல எந்தத் தெரு" என்று கேட்பார்கள். அப்போது அது ரப்பர் இல்லை என்று அவளுக்கே புரிந்துவிடும். புரிந்த பிறகு என் கையை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. தன் கையை எப்படிப் பார்ப்பாள் என்றும் தெரியாது. அதற்குள் அண்ணி என் கையால் சாப்பிட்டாக வேண்டும். இவள் கண் முன்னால், இந்த வீட்டில், வயிறு நிறைய. அன்றைக்குப் பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் இதை முடிவு செய்துவிட்டேன்.

முதலில் தரவு. என் போனில் பிள்ளைகளின் போட்டோக்கள் தேதிவாரியாக இருந்தன. அண்ணி வந்த நாள்களை அதிலிருந்து எடுத்தேன். முப்பத்து நாலு வருகை, முப்பத்து நாலு விரதம். பழைய காலண்டர் தாள்களோடு ஒப்பிட்டால் பதினொன்று எந்த விரதக் கணக்கிலும் சேராத நாள்கள். அடுத்து, அவர் விரதத்தில் எதைச் சாப்பிட்டார், எதை மறுத்தார் என்று ஞாபகத்திலிருந்து எழுதினேன். வாழைப்பழம் சாப்பிட்டார். ஆரஞ்சு சாப்பிட்டார். நறுக்கி வைத்த பப்பாளியைச் சளி என்று ஒதுக்கினார். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை வாங்கித் தானே பிரித்துத் தின்றார். அதே பிஸ்கட்டை நான் தட்டில் அடுக்கி வைத்த அன்று தொடவில்லை. தெருமுனையில் கடைக்காரர் சீவிக் கொடுத்த இளநீர் குடித்தார். காபி வேண்டாம் என்றார். தண்ணீருக்கு எப்போதும் அவருடைய சொந்த பாட்டில்.

என் கையும் என் கத்தியும் என் பாத்திரமும் படாதவை எல்லாம் அவர் விரதத்துக்கு உகந்தவை. பட்டியலை எழுதி முடித்தபோது இதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நேராகக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால், "ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா, சாமி விஷயம்" என்பார். பக்தியைச் சந்தேகப்பட்டவள் என்ற பெயர் எனக்கு வரும். என் கணவர் கேட்கலாம். அவர் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தாராம், எனக்குத் தெரியாமல். அண்ணி அழுதார், அம்மா இருந்திருந்தா இப்படிக் கேப்பியாடா என்றார், இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஆகவே அதுவும் இல்லை. மூன்றாவது வழி, அண்ணியின் விரதத்தை நம்புவது. அவரே நம்பாத அளவுக்கு நம்புவது.

மறுநாளே போன் செய்தேன்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு நாளாச்சும் வயிறார சமைச்சுப் போடணும்னு ஆசையா இருக்கு. விரதம் இல்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமை வாரீங்களா?"

"ஞாயிறா..." என்று இழுத்தார். "ஞாயிறு இப்பத்தாம்மா ஆரம்பிச்சிருக்கேன். சூரியனுக்கு. கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுதுன்னு."

"திங்கள்?"

"சோமவாரம்ல."

"செவ்வாய் முருகன். வியாழன்?"

"வியாழன் குருவுக்கு."

"புதன் அண்ணி?"

"புதன் கடைல சரக்கு எறங்கும். நகர முடியாது."

"எம்புட்டு விரதம் அண்ணி. ஒடம்பு தாங்குமா?"

"சாமி பாத்துக்கிரும்," என்றார், பெருமூச்சோடு.

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் வாயால் அவரே சொன்னது. வாரத்தில் அவருக்கு மிஞ்சியது புதன்கிழமை மட்டும்.

அடுத்த முறை ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்தபோது பருப்புச் சாதத்துக்கு நெய் தாளிப்பதை அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் வைத்தே செய்தேன். சின்ன மின் அடுப்பு ஒன்று இருக்கிறது. சீரகம் பொரிந்தது. உருளைக்கிழங்கை வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக முறுக விட்டேன். பிள்ளைகள் பேசாமல் தின்றார்கள், அதுவே ஒரு சத்தமாக இருந்தது. அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

பெரியவன் வாயில் சோற்றோடு கேட்டான். "அம்மா, போன சனிக்கிழமை வீட்ல நீ பொங்கல் தின்னியே?"

"அது வளர்பிறைச் சனிடா," என்றார் அண்ணி, திரும்பாமலே. "சாப்பிடறப்ப பேசாத."

"இது தேய்பிறையா?"

"தின்னுடா."

நான் அவர் முன்னால் ஒரு சுத்தமான தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்து, பக்கத்தில் ஒரு பூவும் வைத்து, போட்டோ எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் தின்பதும் தெரியும்படி. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பது பேர் இருக்கும் குழு. என் மகள் பிறந்த பிறகுதான் என்னைச் சேர்த்திருந்தார்கள், நான் அதுவரை எதுவும் எழுதியதில்லை. இப்படி எழுதினேன்: "சுற்றிலும் எல்லாரும் சாப்பிட, வாரத்தில் ஆறு நாள் விரதம் காக்கும் எங்கள் அண்ணி. ஞாயிறு சூரியன், திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் குரு, வெள்ளி அம்மன், சனி பெருமாள். இவரைப் பார்த்து நானும் கற்றுக்கொள்கிறேன்."

பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. என் கணவரின் பெரியம்மா குரல் பதிவே அனுப்பினார். "இந்தக் காலத்துல இப்படி ஒருத்தியா. நம்ம வீட்டுக்கே பெரும."

அண்ணி தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பணியாரக் கல்லைச் சூடு பண்ணப் போய்விட்டேன். அவரும் கடைசியில் ஒரு கும்பிடும் கையைப் போட்டிருந்தார். வேறு என்ன போட முடியும்?

ஒவ்வொரு வருகைக்கும் ஒரு போட்டோ போட்டேன். இரண்டாவதுக்குப் பெருமாள் படத்தைப் பின்னால் வைத்தேன். மூன்றாவதுக்கு இரண்டு அத்தைமார் அண்ணியிடம் விரத முறை கேட்டு எழுதினார்கள்.

என் கணவர் குழுவைப் பார்த்துவிட்டு வந்தார். "நீ பண்றது எனக்கு என்னமோ சரியாப் படல."

"பாராட்டித்தானே எழுதியிருக்கேன். ஒரு வார்த்தை தப்பா இருக்கா, காட்டுங்க."

மறுபடி படித்துப் பார்த்தார். காட்ட முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

பலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கணவரின் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. மதுரைக்குள் ஒரு சின்ன மண்டபம். வளையல் போட்டு முடிந்ததும் கலந்த சாதப் பந்தி. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர், எல்லாவற்றுக்கும் மேலே கல்கண்டு சாதம். கல்கண்டு சாதம் என்றால் அண்ணிக்கு உயிர், பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவர் முதல் பந்தியிலேயே எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். இலை போட்டுக்கொண்டு வந்த பையனைப் பெரியம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுக்குப் போடாத தம்பி, அது விரதம். ஞாயிறு சூரியனுக்கு இருக்குதுல்ல." அண்ணியின் தோளைத் தட்டினார். "எந்திரிம்மா, பந்தியில உக்காந்து ஆசையக் கெளப்பிக்காத. உனக்குன்னு தனியா பழம் வாங்கி வச்சிருக்கேன்."

அண்ணி வாயைத் திறந்தார். இல்லை என்றால், இன்றைக்கு ஏன் இல்லை என்று கேள்வி வரும். நாற்பது பேர் மூன்று போட்டோ பார்த்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார். வளைகாப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்கள். அங்கிருந்து எங்கள் பந்தி முழுதாகத் தெரியும்.

நான் கல்கண்டு சாதத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உண்மையில் எனக்கு அது அவ்வளவு பிடிக்காது, திகட்டும்.

அன்று சாயங்காலம் அண்ணி தம்பிக்குப் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் அண்ணி படபடவென்று பேசினார். எனக்குப் பாதிதான் புரியும். என் மகளுக்கு முழுதும் தெரியும். என் மடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அத்தைக்கு ரொம்பப் பசிச்சுச்சாம். நீ குரூப்ல போட்டதாலதானாம். அப்பா சிரிக்கக் கூடாதாம்."

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். "இனிமே போட வேணாம்னு சொல்லுது."

"விரதம் இல்லன்னு அண்ணியே குரூப்ல ஒரு வரி போடட்டும். நான் நிறுத்திக்கிறேன்."

அந்த வரி வரவில்லை. அடுத்த மாதத்தில் ஒரு காதுகுத்து, ஒரு புதுமனை. இரண்டிலும் அண்ணிக்கு இலை இல்லை; பெரியம்மா முன்கூட்டியே சமையல்காரரிடம் சொல்லி வைத்துவிடுகிறார். புதுமனையில், மாடிப்படிக்குக் கீழே, அண்ணி தன் மகளின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து முந்தானைக்குள் மறைத்துப் பிய்த்துத் தின்பதைப் பார்த்தேன். வேகவேகமாக மென்றார். பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான். ஆறு வருடம் நான் அடுப்படியில் நின்றதையும், என் மகள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு வடை எடை குறைவாகவே இருந்தது. அண்ணியிடம் போய்ச் சத்தமாகச் சொன்னேன். "அண்ணி, பழம் எடுத்துட்டு வரவா?" வாய் நிறைய இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்கு அடுத்த இரண்டாவது சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். வருவார்களா என்பதே சந்தேகமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள். பருப்புச் சாதமும் உருளைக்கிழங்கும் செய்திருந்தேன். தரையில் பாய் விரித்து மூன்று தட்டு வைத்தேன். அண்ணிக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, என் மகளுக்கும் தன் மகளுக்கும் நடுவில், பாயில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தட்டு வைம்மா."

இதற்காகத்தான் இத்தனை மாதம் உழைத்தேன். உடனே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே அண்ணி."

பிள்ளைகள் மூவரும் அவரைப் பார்த்தார்கள். என் மகள் வாயில் விரலை வைத்திருந்தாள்.

"டாக்டர் வேணாம்னுட்டாரு," என்றார் அண்ணி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ரத்தம் கம்மியா இருக்காம். விரதமெல்லாம் விடச் சொல்லிட்டாரு."

"எல்லா விரதமுமா?"

"எல்லாந்தான்."

"சூரியனுக்கு இருக்கறது?"

"அதுந்தாம்மா."

நல்ல பொய். நான்கூட இவ்வளவு சுத்தமாக யோசித்திருக்க மாட்டேன். பெரியம்மாவிடமும் இதையே சொல்லிக்கொள்ளலாம், குழுவிலும் போடலாம், யார் முகமும் கெடாது. அவர் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. நானும் அதைக் கேட்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. தட்டை எடுத்து வந்து வைத்தேன். சாதம் போட்டேன், கிழங்கு வைத்தேன், நெய்யும் சீரகமும் கொட்டினேன். அவர் பிசைந்தார். ஒரு உருண்டை எடுத்தார். அது தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வரைக்கும் நான் கண்ணை எடுக்கவில்லை. மென்று, விழுங்கினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலோ," என்றார்.

"இருக்கும் அண்ணி."

இருக்கவில்லை. இரண்டு முறை சரிபார்த்திருந்தேன்.

எங்கள் பக்கம் விருந்தாளி தட்டு காலியாகக் கூடாது. அவர் போதும் போதும் என்று கையை வைத்து மறைக்க, விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி போட்டுவிட வேண்டும். கேட்கும்படி விடுவது விருந்தாளிக்கு அவமானம். பிள்ளைகளுக்கு அப்படித்தான் போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணியின் தட்டு காலியானபோது கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டின் ஓரத்தை விரலால் வழித்தார். இன்னொரு முறை வழித்தார். நின்றேன்.

"அம்மா, அத்தைக்குப் போடும்மா," என்றாள் என் மகள்.

"அத்தைக்கு வேணும்னா கேப்பாங்க பாப்பா."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடத்தில் அப்படி ஒரு முறைகூட நேராகப் பார்த்ததில்லை. எல்லாம் அவருக்குப் புரிந்திருந்தது, எனக்கும்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடும்மா."

போட்டேன்.

"கிழங்கும்."

சட்டியின் அடியைச் சுரண்டி அதையும் போட்டேன். குனிந்து தின்ன ஆரம்பித்தார். பசியோடு தின்கிற தீனிதான் அது, நடிப்பு இல்லை.

என் மகள் தன் தட்டைப் பார்த்தாள், அத்தையின் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"முறுகலா இருந்ததெல்லாம் அத்தைக்கே போட்டுட்ட," என்றாள். "எனக்கு மட்டும் மெத்து மெத்துனு இருக்கு."

"எங்கம்மா ரெண்டாவது தடவை வாங்கிட்டாங்க, நீ இன்னும் மொதத் தடவையே முடிக்கல," என்றான் பெரியவன்.

"அத்தைக்கு அம்புட்டு எதுக்கு?"

"இருடி," என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு கிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்தேன்.